ஏலியன் படங்களைக் கதை ஆண்டு வரிசையில் பார்க்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிறு சினிமா பக்கத்தில், ‘ஏலியன்’ படங்களை எந்த வரிசையில் பார்ப்பது என்று ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. 2093-இல் நடக்கும் ‘பிரொமீதியஸ்’ முதலில், 2104-இல் நடக்கும் ‘ஏலியன்: கவனன்ட்’ அடுத்து, 2122-இன் ‘ஏலியன்’ மூன்றாவது, 2142-இன் ‘ரோமுலஸ்’, அதன் பிறகு 2179-இல் நடக்கும் ‘ஏலியன்ஸ்’, ‘ஏலியன் 3’ என்று போகிறது பட்டியல். ஆண்டுகளில் பிழை இல்லை. ஆனால் இந்தப் படங்களைப் புதிதாகப் பார்க்க உட்காரும் ஒருவருக்கு இதைவிடக் கெட்ட வரிசையைச் சொல்லிக்கொடுக்க முடியாது. ‘இப்படிப் பார்த்தால் கதை ஆரம்பத்திலிருந்தே புரியும்’ என்று கீழே ஒரு வரி வேறு. ஆரம்பத்திலிருந்தே புரிந்துவிடும் என்பதுதான் சிக்கலே.

1979-இல் வந்த முதல் படத்தை எடுத்துக்கொள்வோம். கதை டான் ஓ’பேனன், ரொனால்ட் ஷூசெட். இயக்கம் ரிட்லி ஸ்காட். படத்தின் வேற்றுக்கிரக ஜந்துவையும் அது கிடந்த விண்கலத்தையும் வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்து ஓவியர் எச்.ஆர். கீகர். ‘நாஸ்ட்ரோமோ’ என்ற சரக்குக் கப்பலில் ஏழு பேர் பூமிக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். வழியில் ஒரு சமிக்ஞை. யாரோ ஆபத்தில் மாட்டிக்கொண்டு கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து இறங்குகிறார்கள். மூன்று பேர் அதைத் தேடி வெளியே நடந்துகொண்டிருக்கும்போது, கப்பலிலேயே இருந்த நாயகி ரிப்ளி சமிக்ஞையைக் கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, இது உதவி கேட்பதுபோல் இல்லை, எச்சரிப்பதுபோல் இருக்கிறது என்கிறாள். பின்னாலேயே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்புகிறவளை, நீ போய்ச் சேர்வதற்குள் அவர்களுக்கே தெரிந்துவிடும் என்று அறிவியல் அதிகாரி ஆஷ் நிறுத்திவிடுகிறான். எச்சரித்தது யார், யாரை எச்சரித்தார்கள், எத்தனை காலத்துக்கு முன்பு என்ற மூன்றுக்கும் படம் முடியும்வரை பதில் கிடையாது.

அடுத்து வருவது, சமிக்ஞை அனுப்பிய வேற்றுக்கிரகக் கலத்தின் விமானி இருக்கும் காட்சி. ரசிகர்கள் ‘ஸ்பேஸ் ஜாக்கி’ என்று பெயர் வைத்திருக்கும் அந்தப் பிரம்மாண்ட உருவம் ஒரு நாற்காலியில் செத்துக் கிடக்கிறது. இங்கிலாந்தின் ஷெப்பர்டன் ஸ்டூடியோவில் சுமார் 26 அடி உயரத்துக்கு அந்த செட்டைக் கட்டினார்கள். ஒரே ஒரு காட்சிக்காக இவ்வளவு செலவா என்று தயாரிப்பு நிறுவனம் முகம் சுளித்தது, ஸ்காட் விடவில்லை. போதாததற்கு, தூரக் காட்சியில் உருவம் இன்னும் பெரிதாகத் தெரியவேண்டும் என்பதற்காகச் சிறிய அளவில் விண்வெளி உடை தைத்துக் குழந்தைகளுக்குப் போட்டு நடக்கவிட்டார். அவர்களில் அவருடைய சொந்தப் பிள்ளைகளும் உண்டு. இத்தனை பாடுபட்டுக் கட்டியதைப் பற்றி வசனத்தில் மூன்றே செய்திதான் சொல்கிறார் கேப்டன் டல்லஸ். செத்து வெகுகாலமாகிவிட்டது, கல்லாகிப்போயிருக்கிறது. நாற்காலியிலிருந்தே முளைத்ததுபோல் இருக்கிறது. விலா எலும்புகள் உள்ளிருந்து வெடித்ததுபோல் வெளிப்பக்கமாக வளைந்திருக்கின்றன. சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதன் பிறகு இந்த உருவத்தைப் பற்றிப் படத்தில் பேச்சே இல்லை.

அரைமணி நேரத்துக்குள் சாப்பாட்டு மேசையில், கப்பல் ஊழியர்களில் ஒருவனான கேனின் மார்பைப் பிளந்துகொண்டு ஜந்து வெளியே வருகிறது. அந்த நொடியில், வெளியே வளைந்த விலா எலும்புகள் பார்ப்பவர் நினைவுக்குத் தானாக வரும். யாரும் எடுத்துச் சொல்வதில்லை, பழைய காட்சியை மறுபடி காட்டுவதும் இல்லை. புதிரில் பாதியைப் பார்ப்பவரே அவிழ்த்துக்கொள்கிறார். மீதிப் பாதி, அதாவது அந்த விமானி யார், எங்கிருந்து வந்தான், கலத்தில் அத்தனை முட்டைகளை ஏன் ஏற்றிக்கொண்டு போனான் என்பது, இருட்டிலேயே விடப்படுகிறது. இந்த விகிதம்தான் அந்தக் காட்சியைத் தூக்கி நிறுத்துகிறது. எல்லாவற்றையும் மறைத்திருந்தால் வெறும் அலங்கார செட்டாகப் போயிருக்கும். எல்லாவற்றையும் சொல்லியிருந்தால் நாம் அன்றோடு மறந்திருப்போம்.

ஜந்துவின் வளர்ச்சியும் இதே கணக்குத்தான். முட்டை என்று தெரிந்ததும் முகத்தைக் கவ்வும் ஒன்று பாய்கிறது. அதை வெட்டி எடுக்கப் பார்த்தால் ரத்தம் அமிலமாக வழிந்து தளம் தளமாக ஓட்டை போடுகிறது. (துப்பாக்கியால் சுட்டுத் தள்ளவேண்டியதுதானே என்ற கேள்வியை அடைப்பதற்காக, வடிவமைப்பாளர் ரான் காப் கொடுத்த யோசனை அது.) மார்பிலிருந்து வந்தது முழங்கை நீளம்கூட இல்லை என்பதால் வலையையும் மின்தடியையும் எடுத்துக்கொண்டு தேடுகிறார்கள். பூனையைத் தேடிப் போகும் பிரெட் தரையில் உரித்துப் போட்ட தோலைப் பார்க்கிறான். மேலே சங்கிலிகள் ஆட, சொட்டும் தண்ணீரில் தொப்பியைக் கழற்றி முகத்தை நனைக்கிறான். பின்னால் இறங்குவது ஏறக்குறைய ஏழடி உருவம். ஒவ்வொரு கட்டத்திலும், அதுவரை நமக்குத் தெரிந்தது அடுத்த கட்டத்துக்கு உதவாமல் போகிறது. போலாஜி படேஜோ என்ற நெடிய நைஜீரிய இளைஞர் உடைக்குள் இருந்தார். முழு உருவமாக அவரைக் காட்டிய நேரம் மிகச் சொற்பம். கடைசியில் தப்பிக்கும் சிறுகலத்தில், சுவரில் ஓடும் குழாய்களோடு குழாயாக அதன் தலை மறைந்திருப்பதைக் கண்டுபிடிக்க ரிப்ளிக்கு மட்டுமல்ல, நமக்கும் நேரமாகிறது.

இப்போது உங்கள் பட்டியல்படி ‘பிரொமீதியஸ்’, ‘கவனன்ட்’ இரண்டையும் முடித்துவிட்டு ஒருவர் இந்தப் படத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானியின் துதிக்கை போன்ற முகம் வெறும் தலைக்கவசம், உள்ளே இருப்பது நம்மைவிட ஓங்கிய, வெளுத்த, மொட்டைத்தலை மனிதன் என்று 2012-லேயே அவருக்குச் சொல்லியாகிவிட்டது. எனவே 26 அடி செட்டின் முன்னால், ‘ஓ, அந்த ஆளா’ என்று நினைப்பார். முட்டை, முகத்தைக் கவ்வுவது, மார்பைப் பிளப்பது, மளமளவென்று வளர்வது என்று முழுச் சுற்றையும் ‘கவனன்ட்’ காட்டிவிட்டதால், வலையோடு அலையும் ஆறு பேரும் அவர் கண்ணுக்கு விவரம் தெரியாதவர்களாகத்தான் படுவார்கள். அவர்களோடு சேர்ந்து பயப்படவேண்டியவர், அவர்கள் எப்போது தெரிந்துகொள்வார்கள் என்று காத்துக்கொண்டிருப்பார்.

‘கவனன்ட்’ செய்த வேலை இதைவிடப் பெரியது. இந்த ஜந்துவை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது டேவிட் என்ற இயந்திர மனிதன்தான் என்று அது சொல்லிவிட்டது. ‘பிரொமீதியஸி’ல் வந்த, உயிர்களை உருமாற்றும் கறுப்புத் திரவத்தை வைத்து 2104 வரை அவன் செய்த சோதனைகளின் விளைவு. 1979 படம் நடப்பது 2122-இல். இடையில் 18 ஆண்டுதான். 18 ஆண்டில் பிணம் கல்லாகிவிடுமா? டல்லஸ் கல்லாகிப்போயிருக்கிறது என்று சொன்னது முதல் படத்தின் மிக முக்கியமான வரி. மனிதன் விண்வெளிக்கு வருவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே இது இங்கே நடந்திருக்கிறது என்ற எண்ணத்தை அந்த ஒரு வரிதான் விதைக்கிறது. நியாயமாகச் சொன்னால், அந்தக் கலத்தில் இருந்த முட்டைகள் டேவிட் போட்டவை என்று ‘கவனன்ட்’ வெளிப்படையாகச் சொல்லவில்லை. ‘பிரொமீதியஸி’லேயே சுவரில் இந்த ஜந்துவைப் போன்ற ஒரு புடைப்புருவம் தெரிகிறது என்றும் ரசிகர்கள் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். முன்கதை ஒன்றைக் காப்பாற்ற ரசிகர்கள் வக்காலத்து வாங்கவேண்டியிருக்கிறது என்றால் அதன் கட்டுமானம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். ‘பிரொமீதியஸ்’ பழைய புதிரை உடைத்ததோடு நிற்காமல் புதுப் புதிர் ஒன்றையும் போட்டது: நம்மைப் படைத்தவர்கள் ஏன் நம்மை அழிக்கக் கிளம்பினார்கள்? நல்ல கேள்வி. அதைக் கேட்கத்தான் எலிசபெத் ஷா என்ற ஆய்வாளர் கடைசியில் அவர்களுடைய கிரகத்தைத் தேடிப் புறப்படுகிறார். ஐந்து ஆண்டு கழித்து வந்த ‘கவனன்ட்’ அந்த இனத்தையே சில நிமிட நினைவுக் காட்சியில் கூண்டோடு அழித்துவிட்டு, ஷாவையும் திரைக்கு வெளியே கொன்றுவிட்டது. பழைய கேள்விக்கு யாரும் கேட்காத பதில். புதிய கேள்விக்குப் பதிலே இல்லை. டேவிடாக நடித்த மைக்கேல் ஃபாஸ்பெண்டர் இரண்டு படங்களிலும் அபாரம், அதை மறுக்கவில்லை. ஆனால் அவருக்கென்று தனியாக ஒரு படம் எழுதியிருக்கலாம்.

இதனால் தொடர்ச்சியே கூடாது என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளவேண்டாம். 1986-இல் ஜேம்ஸ் கேமரன் எடுத்த ‘ஏலியன்ஸ்’ எப்படித் தப்பியது என்பது படிப்பினைக்குரிய விஷயம். முதல் படத்துக்காகப் படமாக்கிவிட்டு வெட்டியெறிந்த காட்சி ஒன்று உண்டு. கூட்டில் ஒட்டவைக்கப்பட்டிருக்கும் டல்லஸை ரிப்ளி கண்டுபிடிக்கிறாள். பக்கத்தில் பிரெட் முட்டையாக மாறிக்கொண்டிருக்கிறான். என்னைக் கொன்றுவிடு என்று டல்லஸ் கெஞ்சுகிறார். வேகம் குறைகிறது என்று ஸ்காட் அதை எடுத்துவிட்டார். 2003-இன் இயக்குநர் பதிப்பில்தான் அது திரும்ப வந்தது. அந்தக் காட்சி 1979-லேயே வெளியாகியிருந்தால் முட்டை எங்கிருந்து வருகிறது என்பதற்கு விடை கிடைத்திருக்கும்: மாட்டிக்கொண்ட மனிதனே முட்டையாகிறான். வெட்டப்பட்டதால் கேள்வி திறந்தே கிடந்தது. கேமரன் அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு, முட்டையிடும் ராணி ஜந்துவைக் கொண்டுவந்தார். விமானியின் பக்கம் அவர் போகவே இல்லை. படத்தில் யாரும் அவனைப் பற்றி ஆராயவும் இல்லை. இருக்கும் புதிர்களில் ஒன்றைச் செலவழித்து மற்றதைப் பத்திரமாக வைத்தார்.

அதற்கும் ஒரு விலை இருந்தது. ராணி வந்ததும் ஜந்து பூச்சியினம் ஆகிவிட்டது. கூடு, வேலைக்காரர்கள், முட்டையிடுபவள் என்று நமக்குத் தெரிந்த ஒழுங்கு அதற்கு வந்துவிட்டது. முதல் படத்தில் எந்த ஆயுதத்துக்கும் சாகாமல் கடைசியில் காற்றறையைத் திறந்து வெளியே தள்ளவேண்டியிருந்த ஒன்று, இதில் துப்பாக்கி ரவைக்குக் கொத்துக் கொத்தாக விழுகிறது. அது ‘என்ன’ என்ற மர்மம் போய்விட்டதால், ‘எங்கே’ என்ற மர்மத்துக்குப் படத்தை நகர்த்தினார் கேமரன். முட்டைகள் கிடந்த அதே இடத்தில் மனிதர்கள் அமைத்த குடியிருப்புக்கு ரிப்ளியும் ராணுவ வீரர்களும் போகிறார்கள். குடியிருப்பில் ஆள் இல்லை. தரையில் அமில ஓட்டைகள். குடியிருந்தவர்களின் உடம்பில் பொருத்திய இடங்காட்டிகள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருக்கின்றன. பிறகு அந்த அசைவுமானி. கருவியின் சத்தம் நெருங்குகிறது, கணக்குப்படி அவை அறைக்குள்ளேயே இருக்கவேண்டும், அறையிலோ எதுவும் இல்லை. யாருக்கோ மேல்தளத்தைப் பார்க்கவேண்டும் என்று தோன்றும்வரை அந்தச் சத்தம் மட்டும்தான்.

இங்கேதான் பதிப்பு விஷயம் வருகிறது. உங்கள் பெட்டிச் செய்தி அதைத் தொடவே இல்லை. ‘ஏலியன்ஸ்’ இரண்டு நீளத்தில் கிடைக்கிறது. திரையரங்கில் வந்தது 137 நிமிடம், சிறப்புப் பதிப்பு 154 நிமிடம். கூடுதலாக வரும் 17 நிமிடத்தில் நல்லதும் உண்டு, கெடுதலும் உண்டு. ரிப்ளி உறக்கத்தில் கழித்த 57 ஆண்டுகளில் அவளுடைய மகள் மூப்படைந்து இறந்துவிட்டாள் என்ற காட்சி நல்லது. நியூட் என்ற சிறுமிக்காக அவள் ஏன் உயிரைப் பணயம் வைக்கிறாள் என்பதற்கு அது அடித்தளம். கெடுதல், குடியிருப்புக் காட்சி. வீரர்கள் போய்ச் சேர்வதற்கு வெகுமுன்பே, ஜனநடமாட்டத்தோடு அந்த இடத்தையும், நியூட்டின் குடும்பம் வண்டியில் போய் அந்தக் கலத்தைக் கண்டுபிடிப்பதையும், முகத்தில் கவ்வப்பட்ட தந்தையையும் காட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வீரர்கள் விளக்கடித்துக்கொண்டு காலி அறைகளில் நுழையும்போது நமக்குத் தேட ஒன்றும் இருப்பதில்லை. திரையரங்குப் பதிப்பில், பொந்துக்குள்ளிருந்து ஒரு சிறுமி வெளிப்படுவது நமக்கும் அதிர்ச்சி. சிறப்புப் பதிப்பில் அவள் ஏற்கெனவே அறிமுகமான குழந்தை. முன்கதை என்ற சரக்கு தனிப் படமாகத்தான் வரவேண்டும் என்பதில்லை, சில நிமிடங்களாக நடுவில் செருகினாலும் சேதம் ஒன்றுதான்.

‘ஏலியன் 3’ பற்றி ஒரு வார்த்தை. டேவிட் ஃபின்ச்சரின் முதல் படம், 1992. அதன் தொடக்கத்திலேயே கப்பலில் ஒரு முட்டை இருக்கிறது. ராணி முட்டைப்பையைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் ரிப்ளியைத் துரத்தினாள். அப்படியிருக்க முட்டை எப்படி வந்தது? இதையும் ‘மர்மம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். இது ஓட்டை. விமானியைப் பார்த்த டல்லஸ் நின்று, தொட்டு, வியந்து, பேசினார். இந்த முட்டையைப் பற்றிப் படத்துக்கே கேள்வி இல்லை. பாத்திரங்களின் கண்ணில் பட்டு, அவர்களும் விடை தெரியாமல் திகைத்து, விடைக்குரிய தடயம் திரைச் சட்டகத்துக்குள் இருந்தால்தான் மர்மம்.

பனிப்பிரதேசத்துக்கு வருவோம். எந்த உயிரையும் நகலெடுத்து அதன் உருவில் உலவும் வேற்றுக்கிரக ஜந்துவைப் பற்றிய படம், ஜான் கார்பென்டரின் ‘தி திங்’. 1982 ஜூன் 25-இல் வந்தது. இரண்டு வாரம் முன்னதாக ‘ஈ.டி.’ வந்திருந்த நேரம். அன்பான வேற்றுக்கிரகவாசியைக் கொஞ்சிக்கொண்டிருந்த மக்கள் இதைச் சீண்டவில்லை. பின்னால் இந்த வகையின் பாடநூலானது. அன்டார்க்டிகாவில் ஓர் அமெரிக்க ஆய்வு முகாம். ஹெலிகாப்டரில் துரத்திவந்து ஒரு நாயைச் சுடப் பார்க்கிறார்கள் நார்வேக்காரர்கள். அவர்களில் ஒருவன் நார்வே மொழியில் கத்துகிறான். இது நாய் இல்லை, நாயைப்போல் நடிக்கிறது, விலகிப் போங்கள் என்பதுதான் அவன் கத்துவது. படத்தின் முழு ரகசியமும் முதல் பத்து நிமிடத்துக்குள் உரக்கச் சொல்லப்பட்டுவிட்டது; சப்டைட்டில் போடவில்லை, அவ்வளவுதான். முகாமில் யாருக்கும் புரியவில்லை, நமக்கும் புரியவில்லை.

பிறகு அந்த நாய் முகாமுக்குள் சும்மா நடந்து ஓர் அறைக்குள் நுழைகிறது. சுவரில் ஒரு மனித நிழல் திரும்பிப் பார்க்கிறது, காட்சி மங்குகிறது. யாருடைய நிழல் என்று நடிகரின் சாடையை வைத்து ஊகித்துவிடக் கூடாது என்பதற்காக அங்கே வேறு ஆளை நிறுத்திப் படமெடுத்தார்கள். யார் ஜந்து என்று சோதிக்க உதவியிருக்கக்கூடிய ரத்தச் சேமிப்பை நாசம் செய்தது யார் என்பதும் கடைசிவரை தெரியாது. சாவி யார் யார் கைக்குப் போனது என்று அவர்களே சண்டை போட்டுக்கொள்வதோடு சரி. எரியும் முகாமின் முன்னால், மிஞ்சிய இருவரான மக்ரெடியும் சைல்ட்ஸும் ஒரு பாட்டிலைப் பகிர்ந்துகொண்டு உட்காருவதோடு படம் முடிகிறது. மக்ரெடி காப்பாற்றப்பட்டு, ரத்தப் பரிசோதனையில் மனிதன்தான் என்று உறுதியாவதாக மாற்று முடிவு ஒன்றையும் கார்பென்டர் எடுத்து வைத்திருந்தார், பயன்படுத்தவில்லை. 2002-இல் வந்த வீடியோ கேம், சைல்ட்ஸின் உறைந்த பிணத்தைக் காட்டி இந்தக் கேள்வியை முடித்துவைக்கப் பார்த்தது. அதைப் பொருட்படுத்தாமல் ரசிகர்கள் இன்றுவரை விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

2011-இல் அதே பெயரில் முன்கதை வந்தது. நார்வே முகாமில் நடந்தது என்ன என்பதுதான் கதை. 1982 படத்தில் மக்ரெடியும் மருத்துவர் காப்பரும் அந்த முகாமுக்குப் போய்ப் பார்ப்பவை: கதவில் வெட்டி நிற்கும் கோடரி, தன்னைத்தானே அறுத்துக்கொண்டு நாற்காலியில் உறைந்துபோனவன், குடைந்தெடுத்த பனிப்பாளம், வெளியே எரிந்து கிடக்கும் இரண்டு முகங்கள் ஒட்டிய உடல். சில நிமிடக் காட்சிதான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பயங்கரத்தின் மிச்சம் என்பதால் நம் மனம் அதைச் சுற்றி ஓடுகிறது. முன்கதையின் வேலையோ, இந்தப் பொருள்களை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் கொண்டுபோய் வைப்பது. கோடரி ஆயிற்றா, ஆயிற்று. இரட்டை முகம் ஆயிற்றா, ஆயிற்று என்று மளிகைக் கடையில் சரக்கு இருப்புச் சரிபார்ப்பதுபோல் படம் நகர்கிறது. கடைசிக் காட்சி எங்கே போய் முடியும் என்பது டிக்கெட் வாங்கும்போதே தெரியும்: நாய் ஓடவேண்டும், ஹெலிகாப்டர் கிளம்பவேண்டும்.

ஒரு நல்ல யோசனை அதிலும் இருந்தது. இந்த ஜந்து உயிருள்ளதை மட்டும்தான் நகலெடுக்கும், உலோகத்தை எடுக்காது. எனவே வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லில் அடைப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். அடைப்பு இல்லாதவர் ஜந்துவாகவும் இருக்கலாம், பல்லைப் பேணியவராகவும் இருக்கலாம். 1982-இல் ரத்தத்தில் சூடான கம்பியை வைத்துப் பார்க்கும் சோதனை முடிவாகச் சொல்லிவிடும். இந்தப் பல் சோதனையோ சந்தேகத்தைக் கூட்டுகிறது. இதையே பிடித்துக்கொண்டு போயிருந்தால் தனிப் படமாக நின்றிருக்கும். ஆனால் பொம்மைகளாகவும் இயந்திரங்களாகவும் அலெக் கில்லிஸ், டாம் உட்ரஃப் குழுவினர் செய்துகொடுத்த உருவங்களில் பெரும்பகுதியைப் படப்பிடிப்புக்குப் பிறகு கணினி வரைகலையால் மூடிவிட்டார்கள். அதுவும் மர்மத்தோடு சம்பந்தப்பட்டதுதான். ராப் பாட்டின் 1982-இல் ரப்பரிலும் இயந்திரத்திலும் செய்ததை இருட்டில், புகையில், துண்டு துண்டாகத்தான் காட்ட முடியும். அந்த வரம்பே பாதியை மறைத்துக்கொடுத்தது. கணினி உருவத்துக்கு அந்த வரம்பு இல்லை. வெளிச்சத்தில், முழு உடம்பாக, நெடுநேரம் ஓடவிடலாம், ஓடவிட்டார்கள்.

பொறிகள் நிறைந்த கனசதுர அறைகளுக்குள் சிலர் அடைபட்டுக் கிடக்கும் கதை, கனடாவின் ‘க்யூப்’, இன்னும் சுருக்கமான பாடம். 1997, இயக்கம் வின்சென்சோ நடாலி. ஏறக்குறைய 14 அடிக் கனசதுரமாக ஒரே ஓர் அறையைக் கட்டி, சுவர்ப் பலகைகளின் நிறத்தை மாற்றி மாற்றி, 17,576 அறைகள் இருப்பதாக நம்பவைத்த படம். இதைக் கட்டியது யார் என்று கேட்டால், வெளிக்கூட்டை வரைந்த வொர்த் என்பவனே, யாரும் இல்லை, தலையே இல்லாத ஒரு நிர்வாகத் தவறு இது, கட்டிவிட்டதால் பயன்படுத்துகிறார்கள் என்கிறான். அரசு அலுவலகம் ஏறி இறங்கிய எவருக்கும் இதைவிடத் திகில் வேண்டாம். 2004-இல் வந்த முன்கதை ‘க்யூப் ஜீரோ’, கனசதுரத்தைக் கண்காணிக்கும் அறையையும், அங்கே வேலை பார்க்கும் இருவரையும், அவர்களுக்கு மேலதிகாரியையும் காட்டியது. யாருமே இல்லை என்ற பயம் போய், வழக்கமான வில்லன் வந்தான்.

சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 2022-இல் டான் டிராக்டென்பெர்க் இயக்கிய ‘ப்ரே’, ‘பிரிடேட்டர்’ வரிசையின் முன்கதை. 1719-இல் கமான்சி இனத்தாரிடையே நடக்கிறது. வேட்டையாடும் அந்த ஜந்து எங்கிருந்து வந்தது, அதன் சமூகம் எப்படிப்பட்டது என்று ஒரு வரி விளக்கம் கிடையாது. அது இரையை உடல்வெப்பத்தை வைத்துத்தான் பார்க்கும் என்பதால், 1987 படத்தில் சேறு பூசிக்கொண்டு அந்த வெப்பத்தை மறைத்தார்கள். இதில் உடல்சூட்டைத் தணிக்கும் ஒரு பூ. விதி பழையது, வழி புதியது. நரு என்ற பெண் அந்த விதியைத் தானே கண்டுபிடிக்கவேண்டும், அதுதான் படம். 1990-இன் இரண்டாம் பாகத்தின் முடிவில் ‘1715’ என்று பொறித்த பழைய கைத்துப்பாக்கி ஒன்றை ஜந்துக்களின் மூத்தது தூக்கிப் போடும். ‘ப்ரே’ அந்தத் துப்பாக்கியை நருவின் கைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அங்கிருந்து அது ஜந்துக்களிடம் எப்படிப் போனது என்பதைச் சொல்லாமல் முடிகிறது. முன்கதை எழுதியும் கேள்வி பெரிதாகத்தான் ஆகியிருக்கிறது. 2024-இன் ‘எ கொயட் பிளேஸ்: டே ஒன்’ படமும், தலைப்பில் முதல் நாள் என்று இருந்தும், அந்த ஜந்துக்கள் ஏன் வந்தன என்ற பக்கமே திரும்பாமல், சாகக் கிடக்கும் ஒரு பெண்ணையும் அவள் பூனையையும் பின்தொடர்ந்தது. காலத்தில் முன்னே போவது தவறில்லை. முதல் படம் எதன்மேல் நிற்கிறதோ அந்தக் கல்லை உருவுவதுதான் தவறு.

2024-இன் ‘ரோமுலஸ்’ இரண்டு பக்கமும் காலை வைத்தது. முகத்தைக் கவ்வும் ஜந்துக்களின் கண்ணில் படாமல் இருக்க அறையின் வெப்பத்தை உடல்சூட்டுக்கு உயர்த்தி, சத்தமில்லாமல் கடக்கும் காட்சியும், ஈர்ப்பு இல்லாத கூடத்தில் மிதக்கும் அமிலத்துக்கிடையே நீந்தும் காட்சியும் புத்தம்புதியவை. ஆனால் படத்தின் தொடக்கத்திலேயே, 1979-இல் ரிப்ளி வெளியே தள்ளிய அதே ஜந்துவை மிதக்கும் சிதிலத்திலிருந்து பொறுக்கி எடுத்து வந்துவிட்டார்கள். கறுப்புத் திரவமும் திரும்பி வந்துவிட்டது. 2025-இல் வந்த ‘ஏலியன்: எர்த்’ தொலைக்காட்சித் தொடர் 2120-இல், அதாவது நாஸ்ட்ரோமோவுக்கு இரண்டு ஆண்டு முன்பு நடக்கிறது. முதல் படத்தில், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு என்னுடைய பழைய அறிவியல் அதிகாரியை மாற்றிவிட்டு இந்த ஆஷைப் போட்டார்கள் என்று டல்லஸ் போகிறபோக்கில் சொல்வார். கப்பலை அனுப்பிய நிறுவனத்துக்கு எவ்வளவு தெரியும் என்பதற்கு அந்த வரி ஒரு தடயம். அந்தத் தடயத்தைத் தொடர் முழுக்கத் தோண்டி எடுத்துக் காட்டியபின், அந்த வரியைக் கேட்டு யாருக்கும் முதுகு சில்லிடப்போவதில்லை.

எனவே பெட்டிச் செய்தியைத் திருத்தி வெளியிடுவீர்கள் என்றால் இப்படிப் போடலாம். வெளியான ஆண்டு வரிசையிலேயே பார்க்கவும்: 1979, 1986, 1992, 1997, 2012, 2017, 2024. முதல் படத்துக்கு முதல் தடவை திரையரங்குப் பதிப்பு; 2003 பதிப்பை முதலில் பார்த்தால் டல்லஸின் கூட்டுக் காட்சி வந்து, ‘ஏலியன்ஸி’ன் ராணியோடு மோதும். ‘ஏலியன்ஸ்’ முதல் தடவை 137 நிமிடம், இரண்டாம் தடவை 154. அவசரக்காரர்கள் 1986-ஓடு நிறுத்திக்கொண்டால் நஷ்டமில்லை. 1997-இன் ‘ரெசரக்ஷனை’ விட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள். தொலைக்காட்சித் தொடரைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். ‘தி திங்’கில் 1982 படம் முதலில். இரண்டும் நாய் ஓடும் இடத்தில் கச்சிதமாக இணைகின்றன, ஆகவே 2011-இல் ஆரம்பித்து ஒரே மூச்சில் பார்க்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படிப் பார்த்தால் முகாமுக்குள் நடந்துபோகும் அந்த நாயைப் பார்த்து வரவேண்டிய சந்தேகம் வராது. 1982 படத்துக்கு, நார்வேக்காரன் கத்துவதையும் பெயர்த்துப் போட்ட சப்டைட்டில் கையில் கிடைத்தால், ஹெலிகாப்டர் தரையிறங்கும் இடத்தில் அதை அணைத்துவிட்டு, அவன் விழுந்த பிறகு போட்டுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மதுரை